நானாவுக்கும் தங்கைக்கும் ஐந்து மாதம்

“மிஸ், இதில ஒரு நம்பர மட்டும் மாத்தி எழுத ஏலுமா?”

மஹ்ரூப் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். 2024 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளவத்தையில், காலி வீதியோரப் புடைவைக் கடையொன்றுக்கு மேலே இருக்கிறது நான் வேலை செய்யும் மொழிபெயர்ப்புக் கந்தோர். பிறப்பு, விவாகம், மரணம், காணி உறுதி என்று தமிழில் இருப்பதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் இருப்பதைத் தமிழிலும் எழுதி, கீழே கையொப்பமிட்டு முத்திரை குத்துவது என் வேலை. கீழே கடை வாசலில் நான் கண்டு மட்டும் பழகிய அவர், எங்கள் வாசல் நிலையில் தோள் இடிபடாதபடி சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி உள்ளே வந்தார். தோள் மட்டுமே அகலம். சட்டை மற்ற இடமெல்லாம் தொங்கியது. இடது முன்கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. பின்னால் ஒரு பெண் வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

நான் கடதாசிகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்று கற்பிட்டியில் பதியப்பட்ட பிறப்புச் சான்றிதழ். பாத்திமா ஸமீமா, 1980 ஜனவரி 2. மற்றது கொழும்பில் கொடுக்கப்பட்ட உத்தேச வயதுச் சான்றிதழ். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு, ஒரு வைத்தியர் பார்த்து இன்ன வயதிருக்கும் என்று சொன்ன பிறகு கொடுக்கப்படுவது. முஹம்மது மஹ்ரூப், 1979 ஓகஸ்ட் 14.

“எந்த நம்பர்?” என்று கேட்டேன்.

“எழுவத்தொம்பத எழுவத்தேழு ஆக்கினா போதும். ரெண்டு வருஷம் தானே மிஸ்.”

“பேப்பரில இருக்கிறதைத்தான் நான் எழுதலாம்.”

“சிங்களத்தில எழுதக்குள்ள யாரு தமிழைப் பாக்கப் போற?”

“நான் சத்தியம் செய்து கையெழுத்து வைக்கிறனான்.”

வாங்கில் இருந்த பெண் சிரித்தார். “நான் சொன்னேன் தானே நானா. இந்தப் புள்ளட மொகத்தப் பாத்தாலே தெரியுது, செய்ய மாட்டாவென்டு.”

“நீ வாய மூடு ஸமீ.” அவர் என் பக்கம் திரும்பினார். “மிஸ், இது என்ட தங்கச்சி. ஒரே வாப்பா, ஒரே உம்மா. எனக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. இவ ஒண்டு தாரேங்கிறா. டொக்டர்மாருக்கும் விருப்பம். ஆனா ஆஸ்பத்திரில பேப்பர் பாக்கிற ஆக்கள் ஈக்காங்க தானே, அவங்க ஏலாதென்டு சொல்லிட்டாங்க.”

“ஏன்?”

ஸமீமா பதில் சொன்னார். “எங்கட உம்மா அஞ்சு மாசத்தில ரெண்டு புள்ள பெத்தீக்கிறாவாம். வயித்துக்குள்ள நாங்க ரெண்டு பேரும் கியூல நின்டிருப்போம் போல.”

ஓகஸ்ட் 14இலிருந்து ஜனவரி 2 வரை விரலில் எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

“இதில எது பிழை?”

“என்டது.”

“யார் பிழையாப் போட்டது?”

“வாப்பா. நான் ரகர் வெளயாடுறதுக்காக.” மேசையிலிருந்த கடதாசிகளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “சரி மிஸ். ஈக்கிறதையே எழுதுங்க. நான் ரெஃபரியோட சண்ட புடிச்ச ஆள் இல்ல.”

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். ஐந்து மாத இடைவெளி சிங்களத்திலும் அப்படியே இருந்தது. அன்று தொடங்கியதுதான் அந்தக் குடும்பத்தோடு என் பழக்கம். இந்தக் கதையை எழுதலாமா என்று பிறகு இருவரிடமும் கேட்டேன். மஹ்ரூப் தலையசைத்தார். ஸமீமா, “எல்லாத்தையும் எழுதுங்க, ஒண்டையும் விட வாணாம்” என்றார்.

மஹ்ரூப் வளர்ந்தது மாளிகாவத்தைத் தொடர்மாடியில், மூன்றாம் மாடியில். வாப்பா கொலன்னாவை எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களில் பம்ப் பார்த்தவர். உம்மா கற்பிட்டிக்காரி. இரண்டு பிரசவத்துக்கும் தாய்வீட்டுக்குப் போனார். அதனால் பிள்ளைகள் இருவரின் பிறப்பும் அங்கேதான் பதியப்பட்டது. மஹ்ரூப் உண்மையில் 1977இல் பிறந்தவர்.

அவர் முதலில் படித்த பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. பிள்ளைகள் வெளியே ஒரு சீமெந்துத் தரையில் ஓடினார்கள். பதினாறு வயதை எட்டும்போது, வேறோர் இடத்தில் நடந்த விளையாட்டுப் போட்டியில் அவர் ஓடுவதை ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் ரக்பிப் பொறுப்பாசிரியர் பார்த்தார். மறுநாளே தொடர்மாடிக்கு வந்துவிட்டார். அனுமதி, பூட்ஸ், பகல் சாப்பாடு எல்லாம் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு தடை. பாடசாலை அணியில் இருபது வயது நிறைந்தவர்கள் விளையாட முடியாது. இந்த வயதில் சேர்த்தால் பழக்கி எடுப்பதற்குள் காலம் முடிந்துவிடும். இரண்டு வருடம் குறைந்திருந்தால் நல்லது.

கற்பிட்டிப் பதிவேட்டில் யாரும் கை வைக்கவில்லை. வாப்பா கொழும்பில் போய், பிள்ளை மாளிகாவத்தையில் வீட்டில் பிறந்தது, பதிய மறந்துபோனோம் என்று சத்தியம் செய்தார். கொழும்புப் பதிவுகளில் தேடினார்கள். இல்லாத பதிவு எப்படிக் கிடைக்கும்? வைத்தியர் ஒருவர் பல்லைப் பார்த்து, “பதினாலு இருக்கலாம்” என்றார். மாதமும் திகதியும் பையனுக்குத் தடுமாறக்கூடாது என்று அவற்றை அப்படியே விட்டு, வருடத்தை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் உட்கார்ந்தார். “ஒரே புத்தகத்த ரெண்டு தரம் படிச்சி, ரெண்டு தரமும் ஃபெயில்” என்று அதைப்பற்றிச் சொல்வார்.

அப்போது ஸமீமாவுக்குப் பதின்மூன்று வயது. கணக்கில் கெட்டிக்காரி. புதுக் கடதாசியை எடுத்துப் பார்த்து, “அப்ப நான் எப்பிடி நானாக்கு அஞ்சு மாசத்தில பொறந்தேன்?” என்று கேட்டிருக்கிறார். உம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாராம்: “நீ பொம்புளப் புள்ள. உன்ட பேப்பர யாரு பாக்கப் போற?”

முப்பது வருடம் யாரும் பார்க்கவில்லை.

மஹ்ரூப் ஸ்க்ரமின், அதாவது இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் கூட்டத்தின், ஓரத்தில் நின்று ஆடுபவர். ஸ்க்ரம் குலைந்ததும் முதலில் பிரிந்து ஓடி, எதிரணியில் பந்து வைத்திருப்பவனை விழுத்துவதே அவர் வேலை. 1998இல் பாடசாலைகளின் இறுதிப் போட்டியில் கடைசி நிமிடங்களில் எட்டுக்குப் பத்து என்று பின்தங்கியிருந்தார்கள். மூலையில் குவிந்த கூட்டத்துக்கு அடியிலிருந்து பந்தை இழுத்துக் கோட்டைத் தாண்டிப் பதித்தவர் அவர். பதின்மூன்றுக்குப் பத்து. கடதாசிப்படி அன்று அவருக்குப் பதினெட்டு. உண்மையில் இருபது, இருபத்தொன்றுக்குச் சில வாரங்களே குறைவு. அந்தப் போட்டியில் இறங்க அவருக்கு உரிமை இருக்கவில்லை.

பிறகு ஒரு கழகம். 2001இலிருந்து தேசிய அணி. இலங்கைக்காக ஒன்பது போட்டிகள் ஆடினார். பேங்கொக்கில் ஆடிய வருடம் ஓகஸ்ட் 14 அன்று அணியினர் ஹோட்டலில் கேக் வெட்டினார்கள். இருபத்திரண்டு மெழுகுதிரி. “ரெண்டு கொறையுதென்டு எனக்கு மட்டும் தான் தெரியும் மிஸ். அதுகளையும் சேத்துத் தான் ஊதினேன்.” விமான நிலையப் படிவங்களில் பிறந்த வருடம் எழுதும் இடம் வரும்போதெல்லாம் பேனை ஒரு கணம் நிற்குமாம்.

முழங்கால் இரண்டும் அந்த வருடங்களில்தான் போயின. நோவுக் குளிசைகளை அணிப் பையிலிருந்து இனிப்புப் போல எடுத்துக் கொடுத்தார்கள். ஆடமுன் இரண்டு, ஆடியபின் இரண்டு. ரக்பி வீரர்களை வேலைக்கு எடுக்கும் ஒரு கம்பனி அவருக்கு மேசையும் கதிரையும் கொடுத்திருந்தது. காலையில் கையெழுத்து வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போவார். 2007இல் முழங்கால் முற்றாக மறுத்தபோது அந்தக் கதிரையும் இல்லாமல் போனது. சில பள்ளிக்கூடங்களில் பயிற்றுவித்தார். கடைசியில், எங்கள் கந்தோருக்குக் கீழே இருக்கும் புடைவைக் கடையில் காவல் மேற்பார்வையாளர். பகல் முழுதும் நிற்க வேண்டும். நிற்பதற்கு மீண்டும் குளிசை. அவரும் மனைவி பர்ஹாவும் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. 2022இல் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது வைத்தியர், “எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். மதுவைக் கேட்கிறார் என்று நினைத்து, “அல்லாஹ்வே, நான் தொட்டதே இல்ல” என்றாராம். அவர் கேட்டது குளிசையை. அடுத்த வருடம் இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம்.

மார்ச்சில் ஆஸ்பத்திரிக் குழுவின் முன் போகும்போது ஸமீமா என்னையும் வரச் சொன்னார். மட்டக்குளி வீட்டுத்திட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மொழிபெயர்த்தவர் வந்தால் கேள்வி இருந்தால் பதில் சொல்லலாம் என்பது சாட்டு.

“உங்களுக்குத் தான் நல்லாச் சிங்களம் தெரியுமே” என்றேன்.

“தெரியும் தங்கச்சி. கோவம் வந்தா மறந்து போயிரும்.”

மஹ்ரூபை வெளியே இருக்கச் சொன்னார்கள். உள்ளே மூன்று பேர். கண்ணாடி போட்ட ஓர் அம்மா என் மொழிபெயர்ப்பை வாசித்தார், பிறகு ஸமீமாவின் செருப்பைப் பார்த்தார். திசுப் பரிசோதனையில் பாதி பொருந்தியிருந்தது. பாதிப் பொருத்தம் உறவில்லாதவர்களுக்கும் வரக்கூடும், ஆகவே கடதாசி தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள். சிறுநீரகம் விலைக்கு விற்கும் கூட்டங்கள் இருப்பதால் அவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு கேட்டதுதான் கடினம்.

“இந்த ஐயா உங்களுக்கு என்ன தருவதாகச் சொன்னார்?”

ஸமீமா சிங்களத்தில் நிதானமாகவே பதில் சொன்னார். “ஒரு சைக்கிள் தர வேணும். தொண்ணூறாம் ஆண்டு என்னுடையதை எடுத்துக்கொண்டு போய் உடைத்தவர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மூலப் பிறப்புச் சான்றிதழும் திருத்திய அடையாள அட்டையும் கொண்டு வந்தால் மீண்டும் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ஸமீமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்ன தருவாராம். கேட்டீங்களா? என்ட நானாக்கு நான் கிட்னிய விக்க வந்த மாதிரி” என்றார். மஹ்ரூப் எழுந்து வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, “நல்ல ஆக்கள், நானா. டீயும் தந்தாங்க” என்றார்.

ஏப்ரலில் ஸமீமா கணவரோடு கற்பிட்டிக்குப் போய் நானாவின் மூலப் பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுத்து வந்தார். 1977 ஓகஸ்ட் 14, உம்மாவின் பெயர், வாப்பாவின் பெயர், எல்லாம் இருந்தன. பெரிய வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோம். இனி மஹ்ரூப் ஒரு சத்தியக் கடதாசியில் கையொப்பமிட்டு, பழைய வயதுச் சான்றிதழ் பொய்யான தகவலில் பெறப்பட்டது என்று சொல்ல வேண்டும். அடையாள அட்டைக் கந்தோரின் கருமபீடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள். ஏன் பொய் சொல்லப்பட்டது, எந்தப் பாடசாலைக்காக என்று காரணம் இருக்க வேண்டும். அந்தப் பாடசாலைக்கு எழுதி அனுமதிப் பதிவேட்டின் பிரதியை எடுப்பார்கள்.

தமிழில் எழுதிச் சிங்களத்திலும் எழுதினேன். நான்கு பந்திகள். ஜூன் முதல் கிழமை மஹ்ரூப் வந்து என் மேசைக்கு முன்னால் இருந்து வாசித்தார். மூன்றாம் பந்தியில் நின்றுவிட்டார். ‘பாடசாலை ரக்பி அணியில் வயதெல்லையைக் கடந்து விளையாடுவதற்காக’ என்று இருந்தது.

“இது இல்லாம ஏலாதா மிஸ்?”

“காரணம் இல்லாட்டித் திருப்பி அனுப்புவினம்.”

“அப்ப ஸ்கூலுக்குத் தெரிய வரும்.”

“ஓம்.”

“கப் போயிரும்.” மேசையிலிருந்த முத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். “எனக்குப் போனா பரவால்ல. பதினஞ்சு பேரு மிஸ்.” பிறகு கடதாசியை மடித்துத் தோள்பைக்குள் வைத்தார். “வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு சமாதான நீதவானுக்கிட்டப் போய் சைன் வெக்கிறேன்.”

அந்த வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை.

அவர்கள் கிண்ணம் வென்ற நாளில் வருடந்தோறும் அந்த அணி கொட்டாஞ்சேனையில் கூடிச் சாப்பிடும். அணித்தலைவராக இருந்த ஜொனாதனின் வீடு அங்கே, தேவாலயத்துக்குப் பின்னால். ஜொனாதன் காப்புறுதி வேலை செய்பவர். அந்த வீட்டில் மஹ்ரூபுக்கென்று ஒரு தனிப் பானை இருக்கிறது. அதில் வேறு இறைச்சி சமைப்பதில்லை. ஹலால் கடையில் கோழி வாங்கி, அந்தப் பானையில்தான் அன்றைக்கு எல்லோருக்கும் புரியாணி. மற்றவர்கள் பன்றிக்கறி கேட்டால், “அதுக்கு வேற நாள் வாங்கோடா” என்று ஜொனாதனின் மனைவி விரட்டுவாராம். ஜூலையில் நடந்த அந்தச் சாப்பாட்டுக்கு மஹ்ரூப் தோள்பையோடு போனார். அங்கே நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

“என்ன மச்சான், பையைக் கீழ வைக்காமத் திரியிறாய்? கலியாணத் தரகர் மாதிரி” என்று ஜொனாதன் கேட்டிருக்கிறார்.

மஹ்ரூப் அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போய்க் கடதாசியைக் காட்டினார். ஜொனாதன் இரண்டு முறை வாசித்தார்.

“உனக்கு இருபத்தொண்டா அப்ப?”

“கிட்டத்தட்ட.”

“எருமை. அதாலதான் உனக்கு மட்டும் அப்பவே தாடி.” சிரித்துவிட்டு, சிரிப்பு நின்றதும் படியில் உட்கார்ந்துவிட்டாராம். “மச்சான், எங்கட ரெண்டு பேர் செத்துப் போயிட்டாங்கள். அவங்கட அம்மாமார் அந்த டீம் ஃபோட்டோவை சாமிப் படத்துக்குப் பக்கத்தில வச்சிருக்கினம். அவையளுக்கு நான் போய் என்னத்தச் சொல்ல? கள்ள மேட்ச் எண்டா?”

“அப்ப நான் என்ன செய்ய?”

“கொஞ்சம் பொறு. வேற வழி பாப்பம். என்டதை எடு. எனக்கும் ரெண்டு இருக்குத்தானே.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த கிழமையே போய் இரத்தம் கொடுத்துப் பார்த்தார். பிரிவு பொருந்தவில்லை. அணியில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிப் போனார். ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்குப் பிரிவு வேறு. மூன்றாமவரின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று அழுதார். அதற்குள் ஓகஸ்ட் வந்துவிட்டது.

அந்த நாட்களில் ஸமீமா எனக்கு அடிக்கடி தொலைபேசி எடுப்பார். “பேப்பர் என்ன ஆச்சு தங்கச்சி? நானா சொல்றாரு, கந்தோர்ல இழுத்தடிக்கிறாங்களாம். யாரந்தக் கிளார்க்? பேரச் சொல்லுங்க, நான் வந்து ரெண்டு கேக்கிறேன்.” கையொப்பமில்லாத கடதாசி எந்தக் கந்தோருக்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். “நானாட்டயே கேளுங்கோ” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அது அவர்களுடைய விஷயம், நான் கடதாசி எழுதுபவள் என்று நினைத்தேன். மூன்று முறை அப்படிச் சொன்னேன். மூன்றாவது முறை ஸமீமா, “நீங்களும் அந்தக் கந்தோர்க்காரங்க மாதிரித் தான் கதைக்கிறீங்க” என்றார்.

மஹ்ரூபைக் கீழே கடை வாசலில் பார்க்கும்போது, “சைன் வச்சாச்சா?” என்று ஒரு தரம் கேட்டேன். “இந்தக் கிழம, மிஸ்” என்றார். முகம் மஞ்சளாகி, உதடு வெடித்திருந்தது. வந்த ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, மூச்சு வாங்குவதற்காகக் கதவின் பிடியிலேயே நின்றார்.

ஓகஸ்ட் இரண்டாம் கிழமை அதே வாசலில் விழுந்தார். நுரையீரலில் தண்ணீர் கட்டியிருந்தது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ஜொனாதன் ஆஸ்பத்திரிக்கு வந்து, பர்ஹாவிடம் தோள்பையைக் கேட்டு வாங்கி, கடதாசியை எடுத்துக் கட்டிலில் விரித்தாராம். “வை சைன். கப்பை நாய் கொண்டு போகட்டும்.” சமாதான நீதவானை அவரே கூட்டி வந்திருந்தார். சாட்சியாகத் தானும் கையொப்பமிட்டார். ஒன்பது கிழமை பையில் இருந்த கடதாசி மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. நான் மீண்டும் ஒரு பிரதி தட்டெழுதிக் கொடுக்க வேண்டி வந்தது.

பாடசாலைக்குக் கடிதம் போனது. எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். இரண்டு கிழமையில் பதிவேட்டுப் பக்கத்தின் ஒளிப்பிரதி முத்திரையோடு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடிதத்தை வாசித்த எழுதுநருக்கு 1998இல் யார் வென்றார்கள் என்பதே தெரிந்திருக்காது. கிண்ணம் வென்றவர்களின் பெயர்ப் பலகை பாடசாலை மண்டபத்தில் அப்படியே தொங்குகிறது. இதைக் கேள்விப்பட்டபோது மஹ்ரூப் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பர்ஹா என்னைப் பார்த்து, போய்விட்டு வாருங்கள் என்பதுபோலத் தலையசைத்தார்.

அடையாள அட்டை ஒக்டோபரில் திருத்தி வந்தது. நவம்பரில் குழு கூடி, உறவு நிறுவப்பட்டது என்று எழுதியது. கண்ணாடி போட்ட அம்மா எழுந்து வந்து ஸமீமாவின் கையைப் பிடித்தார். ஸமீமாவின் பரிசோதனைகள் எட்டு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டன, ஒரு தடவை புதிதாக எடுக்க வேண்டும், வழமையான விஷயம்தான் என்றார்.

புதிய இரத்தப் பரிசோதனையில் சீனி இருந்தது. பெப்ரவரியில் எல்லைக்குள் இருந்தது இப்போது எல்லையைத் தாண்டியிருந்தது. மீண்டும் எடுத்தார்கள். மூன்றாம் முறையும் எடுத்தார்கள். வைத்தியர் ஸமீமாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். சீனி வருத்தம் உள்ளவரிடம் சிறுநீரகம் எடுக்க முடியாது, நாளைக்கு உங்களுக்கே அது வேண்டி வரும்.

“எனக்கு வாணாம் டொக்டர். நான் எழுதித் தாரேன். இந்தப் புள்ள எழுதித் தருவா. எதில சைன் வெக்கணும்?” என்று ஸமீமா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்று முழுவதும் அவர் தன்னையே ஏசிக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வட்டிலப்பம் தின்றேன், ஃபெக்டரியில் இடைவேளைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டு டீ குடித்தேன், நான்தான் நானாவைக் கொன்றேன் என்று. பிறகு கந்தோர்களை ஏசினார். பேர் தெரியாத அந்த எழுதுநரின் பிள்ளைகளுக்கும் சாபம் போனது. மஹ்ரூப் ஆஸ்பத்திரிச் சுவரோரம் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறைகூடத் தலை நிமிரவில்லை. ஸமீமா அதன் பிறகு அவரைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டார். கோபத்தால் வராமல் இருக்கவில்லை. முகத்தைக் காட்ட முடியவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்திருந்தார். சீனி இறங்கினால் திரும்பக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இறங்கினாலும் எடுக்கமாட்டார்கள் என்று வைத்தியர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மஹ்ரூபின் பெயர் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் போடப்பட்டிருக்கிறது. அவருக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, கேட்காமல் இருப்பது நல்லது என்றார் தாதி.

இந்த வருடம் ஜனவரியில், என்னிடம் இருந்த மூலச் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஒன்பது மணி. மஹ்ரூபின் இரத்தம் சிவப்புக் குழாயில் போய் இயந்திரத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அசைக்கக்கூடாது என்பதால் மறு கையால் உறையை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார்.

“ஸமீ உங்களுக்குக் கோல் எடுக்கிறாளா?”

“ஓம். நேற்றும் எடுத்தவ.”

“என்ன சொல்றா?”

“தன்னாலதான் எல்லாம் எண்டு அழுகிறா.”

இயந்திரம் ஒரு தரம் கூவியது. தாதி வந்து பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்.

“நான் நாலு தரம் சொல்லப் போனேன் மிஸ். ஃபோன எடுத்தா, அவ ‘சாப்பிட்டீங்களா நானா’ என்டு தான் முதல்ல கேப்பா. அதுக்குப் பொறகு எனக்கு வாய் வருதில்ல. பர்ஹாக்கும் சொல்ல வெக்கம். ஜொனாதன் சொல்லப் போனா, தன்ட தலையில போட்டுக்கொள்ளுவான். நீங்க ஒண்டையும் கூட்டிக் கொறைச்சுச் சொல்ற ஆள் இல்ல. அதால கேக்கிறேன்.”

“என்ன சொல்ல வேணும்?”

“அந்தப் பேப்பர் எந்தக் கந்தோர்லயும் தங்கல்ல, ஒம்பது கிழம என்ட பேக்ல தான் இருந்திச்சென்டு சொல்லுங்க. அவ தின்ட வட்டிலப்பத்தால ஒண்டும் ஆகல்ல, நான் தான் சைன் வெக்காம வெச்சிருந்தேன், ஒரு கப்புக்காக, என்டு சொல்லுங்க. நான் மௌத்தானதுக்குப் பொறகு சொல்ல வாணாம் மிஸ். இப்பவே போய்ச் சொல்லுங்க. அவ வந்து எனக்கு ஏசணும்.”